ஆய்விலிருந்து நீக்கப்பட்ட முப்பிடாதி

மனிதகுலத்தின் மகிழ்ச்சி இத்தனை காலம் அளக்கப்படாமலே கிடந்ததற்கு ஒரே காரணம், டாக்டர் கமலாக்ஷி பிறக்கத் தாமதமாகிவிட்டதுதான். மேடம் உளவியல் பேராசிரியை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் எவ்வளவு நலமாக இருக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. நான் ‘ஆய்வு உதவியாளன்’. அதாவது, பேனர் கட்டுகிறவன்.

மட்டாஞ்சேரியில் ஒரு மண்டபம் பிடித்து ‘குடும்ப நலச் சங்கமம்’ நடத்தினோம். ஆட்டிசம் பற்றி ஆழமாகப் பேசவேண்டியிருந்ததால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை அழைத்து வரவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம்.

முப்பிடாதி மட்டும் மகள் மகாவோடு வந்துவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாள தேசத்துக்குப் பிழைக்க வந்தவள். கொச்சங்காடியில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை.

“வீட்ல ஆளிருந்தா விட்டுட்டு வந்திருக்கமாட்டனா, சார்?” என்றாள் என்னிடம்.

மைக் கீச்சிட்டது. மகா காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள்.

“மைக்கக் கொஞ்சம் நிறுத்துங்க மேடம். பிள்ளைக்கு அது ஆகாது.”

“மைக் இல்லாம எப்படிப் பேசறது? இப்படிப்பட்ட கொழந்தைகளுக்குச் சத்தம் ஆகாதுன்னுதானே பேசிண்டிருக்கேன்! அவளை வெளியில கொண்டுபோங்கோ.”

அந்த அரிய உரையை முப்பிடாதி வராந்தாவில் நின்று கேட்கும் பேறு பெற்றாள், மகளின் காதுகளைத் தன் கைகளால் மூடியபடி.

உரை முடிந்ததும் பேட்டி. “மனசுல என்ன விஷமம்?” என்று மேடம் கனிவாகக் கேட்டார்.

“அவ விஷமமே பண்ணமாட்டா மேடம். பாவம்.”

மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம் என்று நான் விளக்கினேன்.

“அதா? ஸ்கூல்ல சேக்க மாட்டேங்காவ. பிள்ள சத்தம் போடுதாம். நீங்க பெரிய டாக்டரு. அந்த ஹெட்மாஸ்டர்ட்ட பேசுனா கேப்பாவ.”

மேடம் பதறிவிட்டார். “அய்யோ! உங்க கஷ்டத்தை நான் அளக்கணுமாக்கும். நானே அதைக் கொறச்சுட்டா, அப்பறம் எதை அளக்கறது?”

இத்தனை ஆழமான தத்துவம் முப்பிடாதிக்கு விளங்கவில்லை. அழுதாள். மேடம் எனக்குக் கண்ணைக் காட்டினார். உடனே வீடியோ எடுத்தேன். ‘தரமான தரவு’ என்று மேடம் மெச்சினார்.

அதன்பிறகு முப்பிடாதி ஆய்வு நெறிகளை மதிக்காமல், மகாவைக் கூட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியிருக்கிறாள். கடைசியில் சுள்ளிக்கல்லில் சங்கரி என்றொரு டீச்சர், “சத்தமா? இங்க சத்தம் போடாத பிள்ளை எது? வரட்டும்” என்று சேர்த்துக்கொண்டாராம். உளவியலில் ஒரு பட்டமும் இல்லாத பெண்மணி.

இரண்டாம் கட்டப் பேட்டிக்கு நாங்கள் போனபோது மகா யூனிஃபார்மைக் கழற்ற மறுத்து அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி சிரித்துக்கொண்டே சாயா கொடுத்தாள்.

“இப்ப கஷ்டம் எப்படி இருக்கு?”

“இப்ப கொஞ்சம் மூச்சு விடுதேன் மேடம்.”

மேடத்தின் முகம் வாடிவிட்டது. “சொல்லாம கொள்ளாம இப்படி நன்னாயிட்டா, என் ஆராய்ச்சி என்னாறது?” என்று காரில் ஏறியதும் புலம்பினார். போதிய துயரம் இல்லாத காரணத்தால் முப்பிடாதி ஆய்விலிருந்து நீக்கப்பட்டாள்.

நல்லவேளை, மற்ற தாய்மார்கள் அப்படித் துரோகம் செய்யவில்லை. அவர்களுடைய பிள்ளைகளை இன்னும் எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. அந்தத் துயரத்தில் ஒரு துளிகூடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். மேடத்துக்கு விருது கிடைத்திருப்பது அதற்காகத்தான்.