மல்லிகாவின் ரிட்டர்ன் வண்டி

வாடகைக் காரில் மிச்சம் பிடிப்பதில் என்னை மிஞ்ச மீஞ்சூரில் ஆளில்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையில் என் தம்பியின் கல்யாணத்தைக் கல்லறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமான கல்லறை. டச்சுக்காரர்களுடையது.

அப்போது நான் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பி சேகரை வளர்த்தது நானும் என் மனைவி சரோஜாவும். பையன் தொழிற்சாலை வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பெண் தேடினோம். இரண்டு இடம் கூடிவந்து கலைந்தது. (இரண்டுமே என் வாயால்தான் என்பது சரோஜாவின் கட்சி. இப்போது நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.) மூன்றாவதாக வந்தது லைட்ஹவுஸ் குப்பத்துத் தனம். அவளை உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் ஏற்கெனவே பார்த்திருந்த சேகர், என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா எனக்குக் கல்யாணப் பேச்சே வேணாம். அங்க வந்து நீ வாய தொறக்காத. அது போதும்."

சம்மதித்தேன். வாயைப் பற்றித்தானே சொன்னான், காரைப் பற்றிச் சொல்லவில்லையே.

பெண் பார்க்கும் நாள் வெள்ளிக்கிழமை. அப்போது ஏரிக்கு மேல் பாலம் கிடையாது. பழவேற்காடு வரை காரில் போய், அங்கிருந்து படகில் அக்கரை சேர வேண்டும். ஸ்டாண்டில் கேட்டால் போக, வர, வெயிட்டிங் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கேயாவது ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ரிட்டர்ன் வண்டி கிடைத்தால் பாதிக் காசில் போகலாமே என்று கல்யாண மண்டபத்து வாசலில் போய் நின்றேன்.

கிடைத்தது சாதாரண ரிட்டர்ன் வண்டி இல்லை. கரீம் பாய் பழவேற்காட்டுக்காரர். காலையில் மாப்பிள்ளையை அழைத்து வந்து மண்டபத்தில் விட்டிருந்தார். இனி ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மாலை ரிசப்ஷனுக்குத் திரும்பி வருவார். போகும்போதும் காலி, வரும்போதும் காலி! எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரு சின்ன விஷயம். அம்பாசடர் முழுக்க ரோஜாப்பூ. பின் கண்ணாடியில் தெர்மாகோல் எழுத்தில் 'சேகர் – மல்லிகா'.

கரீம் பாயே சொன்னார்: "பொண்ணு பாக்கப் போறீங்கன்ற. இந்த எழுத்தோட இன்னாத்துக்கு சார்? டீ செலவுக்கு ஏதாச்சும் குடு, கழட்டி டிக்கில போட்டுக்கறேன். சாய்ந்தரம் ஒட்டிக்கலாம்."

அந்த டீ செலவை நான் தரவில்லை. இத்தனை வருஷமாக வீட்டில் யாரிடமும் சொல்லாத விஷயம் இதுதான். "கார் இக்கரையிலதானே நிக்கப்போவுது, குப்பத்துல யாரு பாக்கப்போறாங்க?" என்றேன். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முறைத்த சரோஜாவிடம், "நம்ம பையன் பேரயே போட்டிருக்கான் பாரு, சகுனம்" என்று வேறு சொன்னேன்.

பழவேற்காட்டை அடைந்தபோது ராகுகாலம். பன்னிரண்டு மணிவரை படகு ஏறக்கூடாது என்றாள் சரோஜா. ஓட்டலில் உட்கார்ந்தால் காபி வாங்க வேண்டும். டச்சுக் கல்லறை வாசலில் நல்ல நிழல், கட்டணமும் இல்லை. காரை அங்கே நிறுத்தச் சொன்னேன்.

"பொண்ணு பாக்க வந்துட்டு சுடுகாட்டு வாசல்ல நிறுத்துற மனுசன் நீ ஒருத்தன்தான்" என்று சரோஜா காரைவிட்டு இறங்கவே இல்லை.

"சுடுகாடு இல்ல, புராதனச் சின்னம்" என்று திருத்திவிட்டு, சேகரை உள்ளே அழைத்துப்போனேன். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளில் ஆரம்பித்து, டச்சுக்காரர்கள் இங்கிருந்து துணி ஏற்றிப்போன கதைவரை ஒன்று விடாமல் சொன்னேன். சேகர் தலை கவிழ்ந்து நின்றான். காரிலிருந்து கழன்று விழுந்த ரோஜாச் சரம் ஒன்று அவன் கையில் இருந்தது. பூவைக் காலில் படப் போட மனமில்லாமல், பக்கத்தில் இருந்த கல்லறைமீது வைத்தான். கொட்டாவி விட்டதில் கண்ணில் தண்ணீர். துடைத்துக்கொண்டான்.

இதையெல்லாம் அஞ்சலை என்ற அம்மாள் வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள். மீன் விற்றுவிட்டுக் காலிக்கூடையோடு போனவள், தனத்துக்குப் பக்கத்து வீடு. மீஞ்சூரிலிருந்து சேகர் என்ற மாப்பிள்ளை வருவதும் அவளுக்குத் தெரியும். கண்ணாடியைப் படித்தாள், கல்லறையைப் பார்த்தாள், கணக்கைக் கூட்டிக்கொண்டாள். ராகுகாலத்துக்கெல்லாம் கவலைப்படாமல் எங்களுக்கு முந்திய படகில் ஏறிவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தனத்தின் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாய் விரித்திருந்தார்கள், காபி வரவில்லை. தனத்தின் அப்பா வலை இழுத்துக் காய்த்த கைகளைக் கட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"மறைக்காத சொல்லுங்க வாத்தியாரே. மல்லிகாவுக்கு இன்னா ஆச்சு?"

சேகர் என் தொடையைக் கிள்ளினான். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த வாத்தியார் இருப்பார்? காரில் இருந்த பெயரை எப்படியோ கேள்விப்பட்டு விசாரிக்கிறார், பாசக்கார மனிதர் என்று நினைத்தேன்.

"ஓ, அந்த மல்லிகாவா? ஒண்ணும் ஆகலைங்க, நல்லா இருக்காங்க. காலைலதான் கல்யாணம் முடிஞ்சுது. சாய்ந்தரம் ரிசப்ஷன்."

செத்துப்போனவள் பிழைத்து எழுந்தாள். இரண்டாம் தாரத்துக்குப் பெண் கேட்டு வந்தவன் என்று நினைத்திருந்தவர்களுக்கு, காலையில் ஒருத்தியைக் கட்டிவிட்டு மத்தியானம் இன்னொருத்தியைப் பார்க்க வந்தவன் கிடைத்தான்.

"நைனா, படகக் கட்டு. ஒருத்தரும் இங்கேர்ந்து போவக் கூடாது" என்றான் தனத்தின் அண்ணன்.

"செத்தவளுக்குப் பூ வெச்சத என் கண்ணால பாத்தேன். அழுதான்" என்றாள் அஞ்சலை.

"அது டச்சுக்காரன் கல்லறைம்மா" என்று சரோஜா அழமாட்டாத குறையாகச் சொன்னாள்.

"அப்போ மல்லிகா டச்சுக்காரியா?"

நான் ரிட்டர்ன் வண்டித் தத்துவத்தை முதலிலிருந்து விளக்கினேன். யாரும் நம்பவில்லை. காசு மிச்சம் பிடிக்க ஒரு மனுசன் இவ்வளவு தூரம் போவான் என்பதை அந்த நல்ல ஜனங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சேகர் கல்லாக உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான், மூன்றாவது இடத்தையும் நானே கலைக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. தனம்.

"நைனா, அவரு கைய பாரு. கங்கணம் இல்ல. காலைல கட்டினத அதுக்குள்ளயா அவுத்துடுவாங்க?"

எல்லோரும் சேகரின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். வெறும் கை. தனத்தின் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். முழுக்க இறங்கவில்லை.

"சாய்ந்தரம் ரிசப்ஷன்னு சொன்னீங்க இல்ல? போவோம். அந்த மல்லிகாவப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது."

வீடே கிளம்பியது. அஞ்சலையும் கிளம்பினாள், சாட்சிக்கு. இக்கரைக்கு வந்தால் கரீம் பாய் எங்களுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு ரிசப்ஷனுக்குப் போய்விட்டிருந்தார். வெயிட்டிங் கிடையாது என்று பேசியவன் நான்தானே. இருந்தது ஒரே ஒரு வேன். போக, வர, வெயிட்டிங். பேரம் பேச வாயெடுத்தேன். சரோஜா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

மண்டப மேடையில் அசல் சேகரும் அசல் மல்லிகாவும் மாலையோடு நின்றார்கள். தனத்தின் அப்பா அந்தப் பெண்ணைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, "நல்லா இரும்மா" என்று வாழ்த்தினார். அத்தனை பேரும் சாப்பிட்டோம். சும்மா சாப்பிடக்கூடாதே என்று முன்பின் தெரியாதவர்களுக்கு நான் மொய் எழுதினேன். போட்டோக்காரர் எங்களையும் மேடையேற்றிப் படம் எடுத்தார். என் தம்பியும் தனமும் சேர்ந்து நிற்கும் முதல் படம் அதுதான். நடுவில் யாரோ இரண்டு பேர் மாலையோடு நிற்கிறார்கள். பிற்பாடு அந்த வீட்டில் கேட்டு ஒரு பிரதி வாங்கினோம்.

இறங்கி வரும்போது தனம் சேகரிடம் முதல் முதலாகப் பேசினாள்: "நம்ப கல்யாணத்துக்கு வண்டிய எங்க நைனா பேசட்டும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது சல்லிசாகக் கிடைத்தாலும் அதற்கு மல்லிகா என்றுதான் பெயர். தள்ளுபடிப் புடவை மல்லிகா. சொத்தைக் கத்திரிக்காய் மல்லிகா. சேகருக்கும் தனத்துக்கும் சண்டை வந்தால், "போய் உங்க மல்லிகாகிட்ட சோறு கேளுங்க" என்பாள்.

போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, எழுபது கடந்த தைரியத்தில், அந்த டீ செலவு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சேகர் தலையில் அடித்துக்கொண்டான். தனம்தான் பேசினாள்.

"விடுங்க மாமா. நீங்க கடைசியா போற வண்டிக்கு மட்டும் நாங்க முழு வாடக குடுத்துடறோம்."

"ஏம்மா, அதுக்கு மட்டும்?"

"அது ஒண்ணுதான், திரும்பறப்ப நீங்க இல்லாம வரும்."

சரோஜாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. எனக்கும்தான். ஆனாலும் ஒரு பழக்கதோஷம், காலியாகத் திரும்பும் அந்த வண்டியில் யாரையாவது ஏற்றினால் என்ன என்று மனசு ஒரு நொடி கணக்குப் போட்டது. வெளியே சொல்லவில்லை.