மீன் தராசில் என் மகள்

நானே கண்டதையும், கண்டவர்கள் என் முகத்துக்கு நேரே சொன்னதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். இந்த நிகழ்ச்சி எங்கள் உறவினர் வீடுகளில் பலமுறை சொல்லப்பட்டு, சொல்லச் சொல்லப் பெருத்துவிட்டது. (என் மகள் அந்த அளவுக்குப் பெருத்திருந்தால் நிகழ்ச்சியே நடந்திராது.)

அமலாவுக்கு அப்போது நான்கு வயது. குழந்தை ஒழுங்கால் வளர்வது என்பது தமிழாசிரியனாகிய என் கொள்கை. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் அவள் மணி பார்த்து உண்டாள், மணி பார்த்து உறங்கினாள். கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில், உண்மையை மட்டும் விடையாகச் சொன்னாள். என் மனைவி ஜெசிந்தாவின் தம்பி அந்தோணி விசைப்படகு வைத்திருப்பவன். அவன் மகன் ரோஷனுக்கும் அதே வயது. அவன் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருந்தான். அதட்ட அந்த வீட்டில் ஆளில்லை. அங்கன்வாடியில் எடை பார்த்தபோது அவனே முந்தினான்.

"இன்னொரு தடவ எம்பிள்ள எட கொறஞ்சிருந்தா, உங்க மணிக்கணக்க மூட்ட கட்டிரணும். சோறு இனி என் பொறுப்பு," என்றாள் ஜெசிந்தா.

என் கொள்கையின் உயிர் ஊசலாடியது. அங்கன்வாடித் தராசில் பிழை என்றேன்.

"அப்ப துறைமுகத்துக்கு வாங்க அத்தான். மீன் தராசு பிசகாது," என்றான் அந்தோணி.

மறுநாள் காலை எல்லோரும் போனோம். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மீன் கூடையொன்றைக் கழுவித் தராசில் வைத்து, முதலில் ரோஷனை உட்கார்த்தினோம். வாயில் மக்ரூன் இனிப்போடு பதினேழு கிலோ. (மக்ரூனைக் கழிக்கச் சொன்னேன். யாரும் செவிசாய்க்கவில்லை.) அடுத்து அமலா கைகட்டி அமர்ந்தாள். எண் பதினான்கிலேயே நின்றது.

அப்போது என் வலக்கால் தானாகவே தராசின் மேல் ஏறியது. 'தானாகவே' என்பதற்குச் சான்று இல்லை; அச்சொல்லை நீக்கிவிடலாம். மூன்று நான்கு கிலோ கூட்டுவதே நோக்கம். ஆனால் கால் அத்தகைய நுண்பணிக்குப் பழகியதன்று. எண் இருபத்தொன்பதைத் தொட்டது.

ஏலக்காரர் ஏலத்தை நிறுத்தினார். "ஏலே அந்தோணி, பிள்ளைக்குள்ள ஐஸ அடைச்சிருக்கியளா?"

மீன் வாங்க வந்த பெண்ணொருத்தி குனிந்து அமலாவைப் பார்த்தாள். "ஏளா, என்னத்த தின்னு இந்தக் கனம் கனக்க?"

அமலா கட்டிய கையைப் பிரிக்காமல் சொன்னாள்: "நான் ஒன்றும் தின்னவில்லை. அப்பாவின் கால் தராசின் மேல் இருக்கிறது."

இரண்டு வாக்கியங்களிலும் பிழை இல்லை.

"சார், கால எடுங்க," என்றார் ஏலக்காரர். "இங்க யாவாரிமாரே தராசுல பெருவிரல வைக்கிறதோட நிறுத்திக்கிடுவாவ."

ஜெசிந்தா அமலாவைக் கூடையிலிருந்து தூக்கி இறக்கினாள். திரும்பும் வழியில் மக்ரூன் பொட்டலமொன்றை வாங்கி அமலாவின் மடியில் வைத்தாள். அது எந்த உணவுக்கும் உரிய வேளையன்று.

அன்றோடு என் மணிக்கணக்கு முடிந்தது. இப்போது அமலா எட்டாம் வகுப்பு, என் தோளுயரம். ரோஷனும் அதே உயரம். சென்ற மாதம் மருத்துவரிடம் போனபோது, என்னை எடை பார்க்கச் சொன்னார்கள். துணைக்கு வந்த அந்தோணி, அறையே கேட்கும்படி, "இப்ப ரெண்டு காலையும் வைக்கலாம் அத்தான்," என்றான்.

அமலா அளவோடு உண்ட ஆண்டுகளால் வளர்ந்தாளா, அளவின்றி உண்ட ஆண்டுகளால் வளர்ந்தாளா, இரண்டையும் பொருட்படுத்தாமல் தானே வளர்ந்தாளா என்பது எனக்குத் தெரியாது. ஜெசிந்தா தனக்குத் தெரியும் என்கிறாள். அது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.