சாயம் பூசிய சீமாட்டி

சமையலறையில் சலூன்காரர் ஒரு வெளுத்த தெருப்பூனையின் காதுக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே அவர் கையைக் கிழித்துக் கோலம் போட்டிருந்தது.

காணாமல் போனவள் சீமாட்டி. மனைவி உயிரையே வைத்திருந்த சியாமீஸ் பூனை. உடம்பு வெளுப்பு, காதும் முகமும் வாலும் கறுப்பு. மனைவி இனி எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவள் கண்ணை மூடுவதற்குள் சீமாட்டியின் பெயர் வம்சாவளிப் பூனைகள் சங்கத்தின் முதல்தரப் பதிவில் ஏறிவிட வேண்டுமென்று, அவளுக்கே சொல்லாமல் மனுப் போட்டிருந்தார். இன்று ஆய்வாளர் வருகிறார். நேற்றிலிருந்து பூனையைக் காணோம்.

நல்லவேளை, மனைவி பூனையைக் கேட்கவே இல்லை. மாத்திரை மயக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"எதுக்குண்ணே இந்த வேண்டாத வேலை? அக்காகிட்ட பேசிடுங்களேன்," என்றாள், தினமும் வந்து கவனித்துக்கொள்ளும் நர்ஸ்.

"காணோம்னு சொன்னா இப்பவே போயிடுவா. நீ வாலைப் பிடி."

உள்ளிருந்து மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, கொஞ்சம் கேளுங்க. நான் போனப்புறம்..."

"எங்க போறே? சும்மா படு!" வழக்கம்போல் வாயை அடைத்தார். அந்த வீட்டில் அந்தப் பேச்சு அதற்குமேல் நகர்ந்ததே இல்லை.

ஆய்வாளர் வந்தார். பூனையைத் தூக்கியதும் அவர் வெள்ளைச் சட்டையில் இரண்டு கறுப்புக் காதுகள் பதிந்தன.

"கண்ணு நீலமால்ல இருக்கணும்? மஞ்சளா இருக்கே?"

"மஞ்சக் காமாலைங்க."

"பெண்ணுன்னு எழுதியிருக்கீங்க. இது ஆண்."

சலூன்காரர் சாயக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஊர்ல இருக்கற இன்னொரு பூனைச் சங்கத்துல இதையெல்லாம் பெரிசு பண்ண மாட்டாங்களாமே?"

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அது ஒரு சங்கமா? நாய்க்குட்டியக் கொண்டுபோனாலும் பூனைன்னு பதிஞ்சுடுவாங்க! சீமாட்டி மட்டுமில்ல, அவ வம்சத்தையே பதிவுலேர்ந்து நீக்கிடறேன்!"

"கத்தாதீங்க சார். உள்ள என் சம்சாரம் கிடக்கறா. கேட்டா தாங்க மாட்டா."

ஆய்வாளர் படுக்கையறைப் பக்கம் பார்த்தார். "நீக்குறது நீக்குறதுதான்," என்று ரகசியம்போல் சொல்லிவிட்டுப் போனார்.

பூனை ஓடிப்போய் மனைவியின் மார்பில் ஏறிக்கொண்டது. போர்வையெங்கும் சாயம். அவள் அதன் காதைத் தடவினாள். கறுத்த விரலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"யாருங்க வந்தது?"

"சங்கத்துலேர்ந்து. உன் சீமாட்டிய முதல் தரம்னு எழுதிட்டுப் போறாங்க."

"இவளையா?" லேசாகச் சிரித்தாள். "அப்ப சரி." அப்படியே தூங்கிப்போனாள்.

சமையலறைக்கு வந்து சலூன்காரர் விக்கி விக்கி அழுதார். "ஆசையா வளர்த்தா. அதைக்கூடப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்லாமப் போச்சே எனக்கு!"

நர்ஸ் கையைப் பிசைந்தாள்.

"அழாதீங்கண்ணே. சீமாட்டி எங்க வீட்லதான் இருக்கு. 'நான் போனப்புறம் இதப் பார்த்துப் பார்த்தே இந்த மனுஷன் உருகிப் போயிடுவாரு, எடுத்துட்டுப் போயிடு'ன்னு அக்காதான் குடுத்தாங்க."