மூடித் தொழிற்சாலையின் மன அமைதி

ரவாங்கில் ஒரு தொழிற்சாலை. அங்கே போத்தல் செய்வதில்லை. போத்தலுக்கு மூடி மட்டும் செய்வார்கள். போத்தலை யாரோ எங்கேயோ செய்துகொள்கிறார்கள், அது இவர்கள் கவலையில்லை. கவலை என்று பார்த்தால் மூடிக்கே ஏகப்பட்டது இருந்தது. லோரி நேரத்துக்கு வராது. வந்தால் மூடி ரெடியாக இருக்காது. இரண்டும் ஒத்து வந்தால், சிவப்பு மூடி கேட்டவனுக்கு நீல மூடி போய்ச் சேர்ந்திருக்கும். இத்தனைக்கும் பதில் சொல்லுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் உமாபதி.

உமாபதிக்கு வீடு ராசாவில். காலையில் ரயிலேறி வந்து, நாள் முழுக்க ஏச்சு வாங்கி, சாயந்திரம் ரயிலேறித் திரும்புவான். வெள்ளிக்கிழமை மட்டும் ராசாவில் இறங்காமல் கலும்பாங் வரை போவான். அங்கே எஸ்டேட் மாரியம்மன் கோயில் கொட்டகையில் உருமி கற்றுக்கொண்டிருந்தான். வளைந்த குச்சியால் தோலை உரசினால் உருமி ஒரு முனகல் முனகும் பாருங்கள், அந்த வாரம் அவனை ஏசின அத்தனை பேரும் அதில் கரைந்து போவார்கள். நாற்பதை நெருங்குகிற வயதில் இதென்ன கூத்து என்று வீட்டில் கேட்டார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சொல்லிக் கொடுத்தவள் தனுஜா. பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கிற பெண், அவனைவிட ரொம்பச் சின்னவள். உருமி மேளக் குழுவை அவள்தான் நடத்தினாள். மரியாதையாக அண்ணே என்று கூப்பிடுவாள். தப்பாக அடித்தால் அதே மரியாதையோடு வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

“அண்ணே, இந்த வருசம் சாமி ஊர்வலத்துல நீங்களும் வாசிக்கிறீங்க,” என்றாள் ஒரு நாள். “ஆனா ஒத்திகைக்கு மட்டம் போட்டீங்கன்னா கூட்டத்துல நின்னு கும்புட்டுக்க வேண்டியதுதான்.”

உமாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் மூடி அனுப்பியும் அவனை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நிர்வாகம் ஊழியர்கள்மேல் அக்கறை கொண்டது.

மனிதவளப் பிரிவின் தலைவர் குமரவேல் பெரிய ஹோட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய், சாப்பாடும் ஞானமும் ஒருசேரப் பெற்றுத் திரும்பினார். வந்ததும் கூட்டம் போட்டார்.

“அன்பார்ந்த மூடிக் குடும்பத்தினரே, படைப்பூக்கப் பொழுதுபோக்கின் வாயிலாக மன அமைதி எய்தும் மாபெரும் திட்டம் இன்று முதல் அமலுக்கு வருகிறது. எல்லாரும் சந்தோசமா இருக்கணும். இது கட்டாயம்.”

திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லாரும் கேண்டீனில் உட்கார்ந்து வண்ணம் தீட்டக் கற்க வேண்டும். அமைதியான ஏரி ஒன்றை வரைய வேண்டும். வேறெதுவும் வரையக் கூடாது. ஏரியில் அலை இருக்கக் கூடாது. அமைதி வருகிறதா என்று பார்க்க ஆளுக்கொரு பட்டை கையில் கட்டப்படும். அது நெஞ்சுத் துடிப்பை இராப்பகலாகக் குமரவேலின் திரைக்கு அனுப்பும், ஆள் கோயிலில் இருந்தாலும் சரி, கக்கூசில் இருந்தாலும் சரி. எங்கே இருக்கிறான் என்றும் காட்டுகிற பட்டைக்கு விலை கூடுதலாம், அதை வாங்கவில்லை. துடிப்பு நிதானமாக இருந்தால் பெயர் பச்சை, கூடினால் சிவப்பாகும். சிவப்பானவரைக் குமரவேல் கூப்பிட்டு, ஏன் நிம்மதியாக இல்லை என்று விளக்கம் கேட்பார். கேட்டதும் இன்னும் சிவக்கும்.

உமாபதி அவர் அறைக்குப் போய் நின்றான்.

“சார், எனக்கு ஏற்கனவே பொழுதுபோக்கு இருக்கு. உருமி படிக்கிறேன். வெள்ளிக்கிழமைதான் கிளாஸ்.”

“ரொம்ப மகிழ்ச்சி. சொல்லித் தர்றவங்களுக்குச் சான்றிதழ் இருக்கா?”

“அது பெட்ரோல் ஸ்டேசன்ல வேலை செய்யுது சார்.”

“அப்ப அது பொழுதுபோக்கு இல்ல, மிஸ்டர் உமாபதி. அது உங்க சொந்த விருப்பம். சொந்த விருப்பத்துக்கெல்லாம் கம்பெனி நேரம் ஒதுக்க முடியாது லா.”

“வேலை முடிஞ்சப்பறம்தானே சார் போறேன்?”

“வேலை முடிஞ்ச நேரத்தைத்தான் கம்பெனி இப்ப எடுத்துக்கிச்சே.” குமரவேல் அன்பாகச் சிரித்தார். “ஒரு வாரம் முழுக்கப் பச்சையா இருந்து காட்டுங்க, அந்த வெள்ளிக்கிழமை கிளாஸ் வேணாம். அமைதியா இருக்கிறவனுக்கு எதுக்கு மருந்து?”

உமாபதி அமைதியாக இருக்க அரும்பாடு பட்டான். லோரி வரவில்லை என்று போன் வந்தால் மூச்சை அடக்கினான். வெள்ளிக்கிழமை ஒத்திகை போய்விடுமே என்று நினைப்பு வரும், பட்டை கையில் விர்ரென்று அதிரும். அந்த வெள்ளிக்கிழமை ஏரிதான் வரைந்தான். தனுஜாவிடமிருந்து செய்தி வந்தது: “இன்னொரு வாட்டி வரலன்னா அவ்வளவுதாண்ணே.”

திங்கட்கிழமை கேட்டில் நுழையும்போதுதான் ஜாகா ராஜு அவன் கண்ணில் பட்டார். வேறு கம்பெனி அனுப்பிய காவலாளி என்பதால் அவர் நிம்மதி குமரவேல் கணக்கில் வரவில்லை, பட்டையும் தரவில்லை. முந்தின மாதம் லோரி ரிவர்சில் வந்து அவர் கூண்டை இடித்தபோதுகூட மனிதர் கொட்டாவி விட்டுத்தான் எழுந்தார்.

“அண்ணே, இதைக் கொஞ்ச நாளைக்கு நீங்க கட்டிக்கிறீங்களா?”

“கனக்குமா?”

“கனக்காதுண்ணே.”

“அப்பக் கட்டு.”

அந்த வாரம் உமாபதி பச்சைப் பசேலென்று இருந்தான். பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற மலிவுப் பட்டை ஒன்றை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டான், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கணக்குப் பிரிவு இராஜம்மா மட்டும் அவனை ஓரமாக இழுத்துப் போய், “தம்பி, எங்க ஏரியெல்லாம் கொந்தளிக்குது, நீ மட்டும் எப்படி?” என்று கேட்டாள். சொன்னான். அவள் மெக்கானிக் தேவனிடம் சொன்னாள். தேவன் யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் எல்லாரிடமும் சொன்னான். எல்லார் கையிலும் மலிவுப் பட்டை, ராஜுவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை நிஜப் பட்டை ஏறியது.

மூடித் தொழிற்சாலை முழுக்கப் பச்சை. குமரவேல் நெகிழ்ந்துபோய் கேக் வெட்டினார். கேண்டீனில் ஏரி வரைய ஆளில்லை. உமாபதி ஒத்திகைக்குத் தவறாமல் போனான். தனுஜாவே ஒரு தடவை, “பரவால்லண்ணே,” என்றுவிட்டாள். மனிதன் ரயிலில் வரும் வழியெல்லாம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தான்.

பிறகு அறிவிப்பு ஒட்டினார்கள். ஊழியர்கள் அடைந்துள்ள ஒப்பற்ற மன அமைதியைக் கருத்திற்கொண்டு, அவர்களால் இன்னும் கொஞ்சம் வேலை தாங்க முடியும் என நிர்வாகம் பெருமையுடன் கண்டறிந்துள்ளது. வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் வேலை, இரட்டைச் சம்பளம். அந்த ஞாயிறுதான் திருவிழா.

“சார், அன்னிக்குச் சாமி ஊர்வலம். செவப்பா இருக்கிற ஆளப் போடுங்க சார்.”

“யாருமே செவப்பு இல்லையே. அதான் எல்லாரையும் போட்டிருக்கேன்.” ஆனாலும் குமரவேல் கல் நெஞ்சக்காரர் இல்லை. “சரி, நீங்க நாலு மணி ரயிலுக்குப் போங்க.”

அது போதும். ஊர்வலம் ஐந்தரைக்குத்தான்.

ஞாயிறு மதியம். ராஜு லீவு போட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தார். தொழிற்சாலையில் இராஜம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தேவன் மிஷினில் சாய்ந்து கண்ணசந்திருந்தான். உமாபதி பையை மாட்டிக்கொண்டு எழுந்தான். குமரவேல் அறையில் திரை சிவந்தது. ஒரு பெயர் இரண்டு பெயர் இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில். கலும்பாங்கில் மேளம் சூடேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ராஜு ஆட ஆரம்பித்துவிட்டார்.

குமரவேல் திரையைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஆரஞ்சு உரிக்கிற இராஜம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த திரையைப் பார்த்தார். திரையை நம்பினார்.

“யாரும் நடக்காதீங்க. அப்படியே படுங்க. வெளிய அமைதி, உள்ள எரிமலை. கருத்தரங்குல இதத்தான் சொன்னாங்க.”

“எனக்கு ஒண்ணுமில்ல சார். நான் கெளம்பணும்,” என்றான் உமாபதி.

“உங்க இதயமும் அதே வேகத்துல ஓடுது. படுங்க.”

அது என் இதயம் இல்லை என்று சொன்னால் போதும், ரயிலைப் பிடித்துவிடலாம். வாயைத் திறந்தான். பக்கத்தில் படுத்திருந்த இராஜம்மா கையை அமுக்கினாள்.

“சொல்லித் தொலைச்சிடாத தம்பி. எல்லாருக்கும் எம்சி லீவு கெடைக்கும், ரெண்டு நாள் படுக்கலாம்.”

“அங்க ஊர்வலம் கெளம்பிரும்க்கா.”

“திருவிழா வருசா வருசம் வரும். மாட்டிக்கிட்டா வேலை வருமா?”

“பாவம், ராஜு அண்ணன் வேலையும் போயிரும்,” என்றான் தேவன். இத்தனை நாளில் ராஜுவைப் பற்றி அவன் கவலைப்பட்டது அன்றைக்குத்தான்.

உமாபதி வாயை மூடிக்கொண்டான். ராஜுவுக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நாமும் அப்படியே நம்புவோம்.

வேனில் அள்ளிக்கொண்டு போய் கிளினிக்கில் படுக்க வைத்தார்கள். டாக்டர் ஒவ்வொருவராக நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லா இருக்காங்களே,” என்றார். குமரவேல் திரையைக் காட்டினார். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, “அப்ப இது பச்சையாகும் வரைக்கும் இருக்கட்டும்,” என்றார். சாமி ஊரைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பிய பிறகுதான் பச்சையானது. அதுவரை உமாபதி கையில் ஊசி ஏற்றிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தான். அவனுக்கு அழுகையாக வந்தது. அழுதால் நிஜமாகவே நோயாளி என்று எழுதிவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டான்.

எம்சி முடிந்து வந்தபோது ராஜு கூண்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“உன்னையக் காணமேன்னு தனுஜா உன் உருமிய, ஆடிக்கிட்டிருந்த என் கழுத்துல மாட்டி விட்டுச்சு தம்பி. எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? ஆனா நல்லாருந்துச்சாம். குழுவுலயே சேந்துக்கச் சொல்லிருச்சு. ஜாகா வேலைய விட்டுட்டேன். மத்தவங்க பட்டையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். இந்தா, உன் பட்டை.”

உமாபதி அதைக் கையில் கட்டிக்கொண்டான். பச்சை. லோரி வரவில்லை என்று போன் வந்தது, பச்சை. நீல மூடிக்குப் பதில் சிவப்பு மூடி போய்விட்டது என்று ஒருவன் கத்தினான்; பச்சை. வாரம் முழுக்க அசைவே இல்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு மட்டும் வகுப்பு கிடையாது என்று குமரவேல் கை கொடுத்தார்.

கலும்பாங்கில் இனிப் போக இடம் இல்லாததால் கேண்டீனில் போய் உட்கார்ந்து ஏரி வரைந்தான். ஒரு சின்ன அலைகூட இல்லாத ஏரி. குமரவேல் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். இராஜம்மா, தேவன் எல்லாரும் அதன் கீழே நின்று, சந்தோஷமாகச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுக்கும்போது துடிப்பு கூடிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.