தராசு முள் ஏறவில்லை

ரப்பர் ஷீட்டு நிறுக்கிற தராசில் செல்லத்தை ஏற்றி நிறுத்தினார்கள். முள் ஆடி ஆடி நின்றது. போன வாரத்தைவிட இரண்டு ராத்தல் குறைவு.

"தாயிலை மூண்டு, பிள்ளையிலை ரெண்டு," என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி செல்வநாயகம் எழுதிக்கொண்டார். "அர்ச்சுனா, மூண்டு பேருக்கும் முழுப் பங்கு வாங்கிறாய். அந்தச் சாப்பாடு எங்கை போகுது?"

"வயித்துக்குள்ளதாங்க போவுது, கிராணி ஐயா."

"வயித்துக்குள்ளை போனால் உடம்பிலை தெரியாதோ?"

அதெல்லாம் தெரிந்திருந்தால் அர்ச்சுனன் ஏன் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருக்கிறான்?

ஜப்பான்காரன் போனபிறகு வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. மந்தின் ஊருக்கு உள்ளே இருந்த புக்கிட் லாலாங் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறும் போகக் கூடாது என்பது சட்டம். வேலைக்குப் போகிறவர்களின் ரப்பர் பால்வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டையே திறப்பார்கள். இதெல்லாம் போதாதென்று யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா சொந்தமாக ஒரு கண்டுபிடிப்பும் செய்திருந்தார். முழுப் பங்கு வாங்கியும் எவன் வீட்டு ஆள் இளைக்கிறதோ, அவன்தான் காட்டுக்குச் சாப்பாடு அனுப்புகிறவன்.

அந்தக் கண்டுபிடிப்பில் முதலில் மாட்டியது அர்ச்சுனன் குடும்பம். மனைவி நீலாவதி நடந்தால் சேலை மட்டும் நடப்பது மாதிரி இருக்கும். ஏழு வயசு செல்லத்துக்குக் கைகால் எல்லாம் எலும்பு, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அர்ச்சுனனோ கட்டுமஸ்தான ஆள். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

"மாசக் கடைசிக்குள்ளை முள் ஏறவேணும். இல்லாட்டி பொலிசுக்குக் கடிதம் போகும். பிறகு மூண்டு பேருக்கும் தடுப்புமுகாம். அங்கையிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல்."

அர்ச்சுனன் பிறந்ததே இந்தத் தோட்டத்தில். நாகப்பட்டினம் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

அப்போது அரிசியைக் குறைத்துவிட்டு மீதிக்குக் கோதுமை மாவு கொடுத்தார்கள். மரம் சீவுகிற ஆம்பளைக்குச் சோறு, மற்றவர்களுக்கு ரொட்டி என்பது பல லயங்களில் வழக்கமாகிவிட்டது. நீலாவதியும் அப்படித்தான் செய்துவந்தாள்.

"இனிமே என் பங்கு மாவும் உங்களுக்குத்தான். ஆளுக்கு ரெண்டு ரொட்டி கூடத் தின்னுங்க," என்றான் அர்ச்சுனன்.

"தின்ன ரொட்டியே வயித்துல கல்லாட்டம் நிக்குதுங்க."

"நாகப்பட்டினம் போறியா, ரொட்டி திங்கிறியா?"

தின்றார்கள். அடுத்த வாரம் இன்னும் ஒரு ராத்தல் போயிற்று.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் மணியம் செல்லத்தின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "பூச்சி லா. இவங்க திங்கிறத எல்லாம் அது தின்னுருது," என்று விளக்கெண்ணெய் கொடுத்தார். மூன்று நாள் தாயும் மகளும் கக்கூஸே கதியென்று கிடந்தார்கள். பூச்சி ஒன்றும் வரவில்லை. மூன்று ராத்தல்தான் போனது.

விஷயம் துரையிடம் போயிற்று. வெள்ளைக்காரர்தான், ஆனால் தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரிந்தவர். "என் கண்ணு முன்னாலே சாப்பிடட்டும். ஒரு வாரம் பார்ப்போம்," என்றார். நல்ல மனுஷன், தன் சமையல்கட்டிலிருந்து வெள்ளை ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுத்தனுப்பினார்.

ஆபீஸ் வாசலில் பாய் விரித்து மூன்று வேளையும் சாப்பாடு. முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறாம் நாள் ஊரே கூடிவிட்டது. செல்லம் ஒரே உட்காரலில் ஐந்து துண்டு ரொட்டி தின்கிறாள், எல்லோரும் எண்ணுகிறார்கள், மறுநாள் காலையில் அவள் முகம் இன்னும் சுருங்கியிருக்கிறது.

"கண்ணு முன்னாலதான திங்குது? எங்கதான்டி போவுது!" என்று மார்பில் கைவைத்துக் கேட்டாள் பக்கத்து லயத்துத் தாயம்மா. அடுத்த வேளைக்கு அவளே சூடம் கொண்டுவந்து செல்லத்தின் முன் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னாலேயே பத்துப் பேர் கும்பிட்டார்கள்.

"அப்பா, நான் சாமியா?" என்று கேட்டாள் செல்லம்.

"இல்லடி கண்ணு," என்று அவள் கையைப் பிடித்தான் அர்ச்சுனன். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அதுவரை அவனுக்குக் கப்பல்தான் பயம். அன்றைக்குத்தான் பிள்ளையே இருக்கமாட்டாளோ என்ற பயம் வந்தது. துரையின் காலில் போய் விழுந்தான்.

துரை லாரி கொடுத்தார். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. பிள்ளையைப் பார்த்தவர், அப்படியே தாயின் பக்கம் திரும்பி, கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகத்தைப் பார்த்தார். வீட்டில் என்ன சாப்பாடு என்று துருவித் துருவிக் கேட்டார். ஒரு வாரம் அங்கேயே வைத்து வெறும் சோறும் வாழைப்பழமும் கொடுத்தார். எட்டாம் நாள் செல்லம் கட்டிலைவிட்டு இறங்கி ஓடினாள்.

அர்ச்சுனன் அவள் பின்னாலேயே ஓடினான்.

"கோதுமைதாம்மா காரணம்," என்றார் டாக்டரம்மா. "ஊருக்கெல்லாம் அது சாப்பாடு. உங்க ரெண்டு பேர் குடலுக்கு அது ஆகாது, உள்ள போனதும் புண்ணாக்கிடும். அப்புறம் எதைத் தின்னாலும் உடம்புல ஒட்டாது."

"ரெண்டு பேருக்குமா எப்படிங்க?"

"குடும்பத்துல வர்ற நோய்ப்பா. தாய்க்கு இருந்தா பிள்ளைக்கு வரலாம், கூடப் பிறந்தவங்களுக்கு வரலாம். எல்லாருக்கும் வரும்னு இல்ல. வந்தாலும் ஒரே மாதிரி இருக்காது. ஒருத்தருக்கு வயித்தால போகும், இன்னொருத்தருக்கு வெறும் சோகைதான் தெரியும். உன் பக்கத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?"

நீலாவதி செல்லத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "எந் தம்பிங்க, சன்னாசி. நாலு வயசுல போயிட்டான். சவலைப்புள்ளைன்னாங்க, கண்ணுபட்டுச்சுன்னாங்க. நாந்தான் அவனுக்கு ரொட்டியைப் பிச்சுப் பிச்சு ஊட்டுனேன்."

"உனக்குத் தெரியாதேம்மா. அப்ப டாக்டருங்களுக்கே தெரியாது. யுத்தத்துல ஹாலந்து தேசத்துல ரொட்டி கிடைக்காமப் போச்சு. ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வாடுனப்போ இந்த நோய் இருந்த பிள்ளைங்க மட்டும் தேறிச்சுங்க. அதுக்கப்புறந்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்துச்சு."

அர்ச்சுனன் துள்ளி எழுந்தான். "ஐயோ ஆமாங்க! ஜப்பான்காரன் காலத்துல நாங்க மரவள்ளிக்கிழங்கு தின்னு காஞ்சு கெடந்தோம். இவ மட்டும் தளதளன்னு இருந்தா. அதப் பாத்துத்தாங்க நான் கட்டிக்கிட்டேன்!"

நீலாவதி அழுதுகொண்டே சிரித்தாள். முன்பின் பார்த்தறியாத தேசத்துப் பிள்ளைகளுக்கும் தன் வயிற்றுக்கும் ஒரே கதையா என்று அவளால் நம்ப முடியவில்லை. டாக்டரம்மா நோயின் அடையாளங்களையும் விவரித்துக் கடிதம் எழுதிக் கொடுத்தார்: இவர்களுக்குக் கோதுமை கூடாது, மாவுக்குப் பதில் முழுக்க அரிசியே கொடுக்கவேண்டும்.

கடிதத்தைப் பார்த்ததும் கிராணிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அரிசியைக் காட்டுக்கு அனுப்பிறாய் எண்டு பிடிச்சால், இன்னும் அரிசி தா எண்டு கடிதம் கொண்டு வாறாய்! எவ்வளவு துணிச்சல்!" என்று துரையின் முன்னாலேயே கத்தினார். போலீசுக்குப் போகவேண்டிய கடிதம் மேசையில் தயாராக இருந்தது. துரை கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

துரை பேனாவைத் திறந்தார். பிறகு தயங்கி, "டாக்டர் கடிதத்தைப் படி. தமிழில் படி, அவனும் கேட்கட்டும்," என்றார்.

அந்த நேரத்தில் கிராணியின் மனைவி பாலேஸ்வரி துரைக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். வீடு ஆபீசுக்குப் பின்பக்கம்தான்.

கிராணி கேலிக் குரலில் ஆரம்பித்தார். "எவ்வளவு சாப்பிட்டாலும் மெலிவு. ரொட்டி தின்றால் வயிறு ஊதும்."

பாலேஸ்வரி தட்டோடு நின்றுவிட்டாள். புருஷனின் இடுப்பைப் பார்த்தாள். பெல்ட்டின் முனை ஒரு சுற்றுச் சுற்றி முதுகுப் பக்கம் போய் நின்றது.

"அடிக்கடி வயிற்றோட்டம். வாய்ப்புண். ஓயாத களைப்பு..." கிராணியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "காரணமில்லாத எரிச்சல், கோபம். தாய்க்கோ சகோதரருக்கோ இருக்கலாம்."

"மாமிக்கும் இப்பிடித்தானே, உங்கடை தமையனுக்கும் இப்பிடித்தானே?" என்றாள் பாலேஸ்வரி மெதுவாக.

"நீர் உள்ளை போம்."

அவள் போகவில்லை. துரையின் பேனா அந்தரத்தில் நின்றது.

"இஞ்சருங்கோ, விடியக் காத்தாலை ஒரு றாத்தல் கோதுமைப் பாண், பின்னேரம் பிஸ்கட், நானே என்ரை கையாலை தாறன்," என்றாள் அவள். "அப்ப எட்டு வருசமா நான் குடுத்ததை எல்லாம் நீங்களும் காட்டுக்கோ அனுப்பினனீங்கள்?"