கன்ட்ரோல் அண்ணாச்சியும் காணாமல் போன குறியும்

ஒரு சொல்லை டைப் அடிப்பதற்கு முன்னால் அதன் மனநிலையை விசாரித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அவர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எழுத்தைத் தடிமனாக்க கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு ‘P’, பிறகு ஒரு ‘B’ அடிக்க வேண்டும். திரையில் சின்னதாக ஒரு குறி விழும். தடிமன் போதும் என்கிற இடத்தில் அதே குறியை மறுபடி போட்டு முடிக்க வேண்டும். அடிக்கோட்டுக்கு வேறு எழுத்து, சாய்வுக்கு வேறு. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார். அதனால் கன்ட்ரோல் அண்ணாச்சி.

முதலாளி தமிழில் சொல்ல, இவர் இங்கிலீஷில் அடிப்பார். பாதியில் கையைத் தூக்குவார்.

“முதலாளி, ‘உடனே’ன்னியளே, அதட்டிச் சொல்லுதியளா, கெஞ்சிச் சொல்லுதியளா?”

“எதுக்குய்யா கேக்க?”

“அதட்டுனா தடிமன். கெஞ்சுனா சாய்வு.”

“ரெண்டும்தான்யா!”

இரண்டையும் சேர்த்துப் போட வழி தேடியதில் அன்றைய தபால் போய்விட்டது.

பிரிண்டர் ஒரே எழுத்தை இரண்டு முறை குத்தித்தான் தடிமனாக்குகிறது என்று யாரோ சொல்ல, அதைக் கண்ணால் பார்க்க மூடியைத் திறந்து குனிந்தார். நெற்றியில் ரிப்பன் மை நீளமாக இழுத்துவிட்டது. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்டக்டர், “எந்தக் கோயில் நாமம் அண்ணாச்சி இது?” என்று பயபக்தியோடு கேட்டாராம்.

விளையாட்டு வினையானது மதுரை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பிய கொட்டேஷனில். தலைப்பு மட்டும் தடிமனாக இருக்க வேண்டியது, கையெழுத்து வரைக்கும் கன்னங்கரேலென்று போயிருந்தது. அவசரத்தில் முதலாளியும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் அங்கிருந்து போன். எடுத்தது நான்.

“உங்க ஆளுக்கு எங்க மேல என்னம்மா கோவம்? நாலு பக்கமும் திட்டுற மாதிரியே இருக்கு. வேற கம்பெனி பாத்துக்கிடுதோம்.”

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “நாளையில இருந்து நீ வர வேண்டாம்.”

அண்ணாச்சி தலையாட்டினார். “போறேன் முதலாளி. முடிச்ச குறி எங்க போச்சுன்னு மட்டும் பாத்துட்டுப் போறேன். நான் போட்டேன்.”

உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். ஆரம்பக் குறி இருந்தது, முடிவுக் குறி இல்லை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தார். நாங்கள் சுற்றி நின்றோம். முதலாளி செருமினார்.

“நேத்து நீ டீ குடிக்கப் போனப்ப திரையில தலைப்போரத்துல பூச்சி மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பேண்டேஜ் துணியால தொடச்சேன், போகல. பொறவு ஒரு பட்டனை அமுக்குனேன்… போயிருச்சு.”

அண்ணாச்சிக்குக் கோபமே வரவில்லை. கண் பளபளத்தது.

“எந்தப் பட்டன் முதலாளி? அமுக்குங்க, பாப்போம்!”

முதலாளி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, “அது கோவம் இல்லைங்க, என் கைக்கோளாறு” என்றார். அவர்கள் சிரித்துவிட்டுப் புதுக் கொட்டேஷன் கேட்டார்கள். பிறகு முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்து அண்ணாச்சி பக்கத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு தலைகளும் கீபோர்டுக்கு மேல் கவிழ்ந்தன. குறி வந்தது, போனது, மறுபடி வந்தது.

மணி மூன்றரை. அதுவரை எங்களில் ஒருவர்கூட சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.