இரண்டு டிஸ்கிலும் தைப்பொங்கல்

கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு மஞ்சள் வரி வந்தது. உள்ளே பொருத்தியிருக்கும் இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்றது. எது என்று சொல்லவில்லை.

குகதாசன் பதறவில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் முன்யோசனையாக ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் வாங்கிப் பூட்டியிருந்தார். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாகவே எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும்.

"என்னவாம்?" என்று குசினியில் சமைத்தபடியே கேட்டாள் மனைவி உதயகலா.

"ஒரு டிஸ்க் பழுதாப் போட்டுது."

"ஐயோ, கலியாணப் படம்?"

"மற்றதிலை கிடக்கு. அதுக்குத்தானே ரெண்டு."

கலியாணம் அவருடைய அக்கா பத்மாசினியின் மகள் கஜந்தினிக்கு. வைகாசியில் அச்சுவேலியில் நடந்தது. "நான் இருக்கேக்கை வெளியாள் என்னத்துக்கு?" என்று சொல்லி, தாலிக்குப் பொன்னுருக்கல் முதல் ஆலாத்தி வரை குகதாசனே படம் எடுத்தார். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டு, கமராவின் மெமரிக் கார்டை அழித்தார். பிறகு நிறம் திருத்தத் தொடங்கினார். மணப்பெண்ணின் நிறம் சரிவந்தால் மாப்பிள்ளை பச்சையாகிவிட்டார். மாப்பிள்ளையைத் தேற்றினால் ஐயர் சிவந்துவிட்டார். ஆவணியும் பிறந்துவிட்டது. அக்கா கிழமைக்குக் கிழமை இணுவிலில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்துப் படம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குகதாசன் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு பல்லி ஓடியது. இரண்டு டிஸ்க்குகளும் ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே அளவு தூசு. இரண்டையும் வெளியே எடுத்துப் பழைய சாரத்துண்டால் துடைத்துத் திரும்பப் பூட்டினார். ஒன்றின் வயரை மட்டும் கழற்றி விட்டுக் கணினியைப் போட்டார்.

மஞ்சள் வரி வரவில்லை.

"இஞ்சை வந்து பாரும்!" என்று மனைவியைக் கூப்பிட்டுப் படங்களைத் திறந்தார். கடைசிப் படத்தில் அவர்களுடைய முற்றம். கோலம். பானையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"உது தைப்பொங்கல் எல்லே?" என்றாள் உதயகலா.

அதற்குப் பிறகு ஒரு படமும் இல்லை.

குகதாசனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. வயர் தளர்ந்தோ என்னவோ, இந்த டிஸ்க் தையிலேயே நின்றுவிட்டது; துடைத்துப் பூட்டியதும் திரும்ப எழும்பியிருக்கிறது. அன்றிலிருந்து மற்றது ஒன்றே தனியாக எல்லாவற்றையும் சுமந்திருக்கிறது. அந்த மஞ்சள் வரியும் ஒவ்வொரு நாளும் வந்துதான் இருக்கவேண்டும். ஆனால் கணினியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போவது அவருடைய வழக்கம்.

"அந்த மஞ்சள் எழுத்தோ? அது கன நாளா வாறதுதானே," என்றாள் உதயகலா.

"நீர் பாத்தனீரே?"

"ஓம். அறை கூட்டேக்கை பாக்கிறனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் படிச்ச ஆள். உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

பரவாயில்லை. நல்ல டிஸ்க் இருக்கிறது. கழற்றிய வயரைத் திரும்பக் கொழுவினார். இப்போது கணினி ஒரு கேள்வி கேட்டது. இரண்டிலும் உள்ளவை ஒத்துப்போகவில்லை. முதலாவதைப் பார்த்து இரண்டாவதை எழுதவா, இரண்டாவதைப் பார்த்து முதலாவதை எழுதவா?

வயர் கழற்றியிருந்த நல்ல டிஸ்க் மேலே இருந்தது; மேலே இருப்பதுதான் முதலாவது என்று நினைத்தார். கணினி கீழேயிருந்து எண்ணக்கூடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. முதலாவதைத் தெரிவுசெய்து அமத்தினார்.

கணினி உறுமத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, உன்ரை படம் இந்தப் பிறப்பிலை கிடைக்குமோ?"

"நாளைக்கே கொண்டு வாறன் அக்கா."

"மெய்யாவோ? அப்ப சம்பந்தி ஆக்களையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுறன். எல்லாரும் இருந்து பாப்பம்."

பொழுது சாயும்போது உறுமல் நின்றது. இரண்டும் இப்போது அச்சொட்டாக ஒன்று என்று திரை அறிவித்தது. குகதாசன் முதலாவதைத் திறந்தார். தைப்பொங்கல். இரண்டாவதைத் திறந்தார். அதிலும் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

டிஸ்க் விற்ற தேனுஜனுக்குப் போன் எடுத்தார்.

"எதைப் பாத்து எதை எழுதினியள் அண்ணை?"

சொன்னார்.

"முழுசா எழுதி முடிஞ்சுதோ?"

"ஓம். ஒரு பிழையும் இல்லாமல் முடிஞ்சுது."

"அப்ப இனி ஒண்டும் செய்யேலாது அண்ணை. அது கண்ணாடி மாதிரி. நீங்கள் எதைக் காட்டுறியளோ அதைத்தான் காட்டும்."

மறுநாள் குகதாசனும் உதயகலாவும் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு அச்சுவேலிக்குப் போனார்கள். சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். முருங்கைக்காய்க் கறியும் பாயாசமும் இருந்தன. குகதாசன் சோற்றைப் பிசைந்து நேரத்தைக் கடத்தினார். கைகழுவி வந்ததும் அக்கா கேட்டாள்.

"சரி தம்பி. எடு பாப்பம்."

"அக்கா... எல்லாம் அழிஞ்சு போச்சு. ஒரு படமும் இல்லை."

மாப்பிள்ளை சுபாங்கன் மேலே மின்விசிறியைப் பார்த்தான். குகதாசனின் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு மனம் கேட்கவில்லை.

"பிள்ளை, அதை எடுத்துக்கொண்டு வா," என்றாள் மகளிடம்.

கஜந்தினி உள்ளே போய்த் தலையணைத் தடிப்பில் ஒரு கலியாண ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தாள். குகதாசன் திறந்தார். பொன்னுருக்கல் இருந்தது. மாப்பிள்ளை அழைப்பு இருந்தது. ஐயர் ஐயரின் நிறத்திலேயே இருந்தார்.

"உது ஆர் எடுத்தது?"

"கோவிக்காதை தம்பி. ஒரு காவலுக்கு லெனாட் எண்டு ஒரு படப்பிடிப்பாளரையும் பிடிச்சனாங்கள்."

"அந்த நீலச் சேட்டுப் போட்டுப் படமெடுத்துக்கொண்டு நிண்டவரோ? நான் மாப்பிள்ளை பகுதி ஆளெண்டெல்லோ நினைச்சன்!"

"நாங்கள் அவரை உங்கடை உதவியாளெண்டு நினைச்சம்," என்றார் சம்பந்தி.

குகதாசனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது.

"எல்லாப் படமும் கையிலை வைச்சுக்கொண்டு, பேந்து என்னத்துக்கு அக்கா கிழமைக்குக் கிழமை என்னைக் கேட்டனியள்?"

கஜந்தினி ஆல்பத்தை நடுப்பக்கத்துக்குத் திருப்பினாள். இரண்டு பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு ஒரு சந்தன நிறப் பட்டுச் சட்டை தெரிந்தது. அதற்கு மேலே ஒரு பிடரி.

"தாலி கட்டேக்கை லெனாட்டுக்கு அம்பிட்டது உங்கடை முதுகு மட்டுந்தான் மாமா," என்றான் சுபாங்கன். "அந்த ஒரு படம் உங்களிட்டைத்தானே இருந்தது."